வவ்வால் இல்லை என்ற அறிக்கை

பதினொன்றரை மணிக்கு நான் பரணில் தவழ்ந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு, கீழே விஷ வாயுவைத் திறந்துவிடுவார்கள். கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, என் பழக்கம். உத்தரத்து இடுக்கில் டார்ச்சை அடித்தேன். பகீரென்றது.

வவ்வால்கள். நாற்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் மார்பிலும் முடி முளைக்காத ஒரு குட்டி.

எங்கள் தேசிய அறக்கட்டளையில் இரண்டு பிரிவு. ஒன்று பழைய கட்டடங்களைக் காக்கும், இன்னொன்று உயிர்களை. நான் உயிர்ப் பிரிவு. கட்டடப் பிரிவின் பொறியாளர் என் வீட்டுக்காரர். இந்தப் பழைய நூலகத்தை இடிக்க விடாமல் எட்டு வருஷம் கோர்ட்டுக்குச் செருப்புத் தேய நடந்த மனுஷன். இப்போது கூரை மரத்தை வண்டு அரிக்கிறது. கட்டடத்தைத் தார்ப்பாயால் மூடி வாயு அடித்தால்தான் கூரை நிற்கும். இன்றைக்கு விட்டுவிட்டால் வாயு அடிக்கிற மருந்துக்காரர்கள் மறுபடி வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் மழை வந்துவிடும்.

"வவ்வால் இல்லை" என்று அறிக்கை எழுதியது யார்? நானேதான். குட்டி போட வெயில் காலத்தில்தான் வரும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற மகராசி, அவசரத்தில் குளிர்காலத்திலேயே எண்ணி முடித்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

ஏணியில் இறங்கினேன். கடைசித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்தச் சொல்லுங்க. மேல வவ்வால் இருக்கு, குட்டியோட."

வீட்டுக்காரர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"மெதுவாப் பேசு. வாய்ச்சொல்லுக்கு நிறுத்த முடியாது. அறிக்கை தப்புன்னு நீ எழுதிக் குடுக்கணும். குடுத்தா உன் வேலை போயிடும்."

"தெரியும்."

"பதினாலு வருஷ உழைப்புடி. நீ எதையும் பார்க்கல, நான் எதையும் கேக்கல. அவ்வளவுதான்."

மருந்துக்காரர் வாயு உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆரம்பிக்கலாமா சார்?"

மணி பதினொன்று ஐம்பது. பொய் எதற்கு, எனக்கும் ஆசை வந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். நாளைக்கு வழக்கம்போல ஆபீஸ் போகலாம். ஆனால் அந்தக் குட்டிகளைப் பார்த்துத் தொலைத்துவிட்டேனே!

எங்கள் காரின் மேல் தாளை வைத்து எழுதினேன். தவறான பருவத்தில் எண்ணினேன், என் அறிக்கை தவறு. எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். படித்துக்கொண்டே நின்றார். இரண்டு வரிக்கு இத்தனை நேரமா?

"ஏங்க!" என்று கத்திவிட்டேன்.

"தார்ப்பாயை அவிழுங்கப்பா," என்றார் மருந்துக்காரரிடம். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "பேனாவைக் குடு."

என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதித் தானும் கையெழுத்திட்டார். எட்டிப் பார்த்தேன். 'நான்கு நாட்களுக்கு முன்பே எனக்குத் தெரியும்.'

"என்னங்க இது?"

"உத்தரத்தை அளக்கப் போனப்ப பார்த்தேன்."

நாலு நாள்! நாலு நாளும் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

"நான் இன்னைக்கு ஏறாம இருந்திருந்தா?"

அவர் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

"எனக்காக மறைச்சீங்களா, கூரைக்காகவா?"

"உனக்காகன்னு சொல்லத்தான் நினைச்சேன்," என்றார். "கூரைக்காகத்தான்."

உடம்பெல்லாம் எரிந்தது. அழுகையும் வந்தது. வேலை போகப்போகிற இரண்டு பேரும் ஒரே காரில்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது. நான் அவர் பக்கத்தில் ஏறாமல் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.