அமைதியான இல்லம்

மாடியில் குளிப்பாட்டும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அந்த முதியோர் இல்லத்தின் சட்டம். சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். ஒரு காலத்தில் லாரி டிரைவராக இருந்த ஐயாவைத் தொட்டித் தண்ணீரில் உட்கார வைத்த கையோடு மேனேஜர் அம்மா வாசலில் தலையை நீட்டி, கூட இருந்த, வாயாடி என்று பேரெடுத்த இளைய பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

"சோதனை பண்ண ஆபீசர் வந்துட்டாரு. கீழ ஹால்ல ஆள் நிறைய இருக்கிற மாதிரி தெரியணும். ரெண்டே நிமிஷம், வா."

வாயாடி போய்விட்டாள். எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற மூத்த பணிப்பெண் அந்த ரெண்டு நிமிஷத்தை நம்பினாள். இத்தனை வருஷம் அதே இடத்தில் குப்பை கொட்டியும் நம்பினாள் என்றால், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம்பாமல் அங்கே ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

ஐயாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. கையை எடுத்தால் அந்தப் பக்கமே சாய்வார். அவர் தோளைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். வாக்கர் ஊன்றும் சத்தம். நடைக்காரம்மா கிளம்பிவிட்டாள். விட்டால் வீட்டுக்குப் போகிறேன் என்று நாள் முழுக்க நடப்பவள். வழக்கமாகப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கும். இன்றைக்கு, பூட்டினால் ஜெயில் மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் அம்மாவே ஒரு பூந்தொட்டியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தாள்.

பெரியக்கா சுவரில் தொங்கிய அவசரக் கயிற்றை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மணி அடிக்கவில்லை. ஆபீசர் இருக்கும்போது மணி கத்தினால் அசிங்கம் என்று அதையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

"அம்மா, நில்லுங்க! அங்கயே நில்லுங்க!"

டக். டக். அந்த அம்மாவுக்குக் காது மந்தம்.

தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். அடைத்துக் கிடந்த குழாயில் தண்ணீர் ஆடி அசைந்து இறங்கியது. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தாள். தண்ணீர் அவர் நெஞ்சளவிலேயே நின்றது.

ஐயாவே வலது கையால் தொட்டியோரக் கம்பியைப் பிடித்தார். "போ தாயி. நான் பிடிச்சுக்கிறேன்."

"விட்டுறாதீங்க ஐயா. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், விட்டுறாதீங்க."

ஓடினாள். வாக்கரின் முன்கால்கள் முதல் படியைத் தாண்டி அந்தரத்தில் இருந்தன. பாய்ந்து நடைக்காரம்மாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்ததில் இருவருமாகத் தரையில் விழுந்தார்கள். அந்த அம்மா, "விடுடி, என் புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துரும்" என்று திமிறினாள். விட்டால் நேரே படிக்கட்டுதான்.

அப்போது குளியலறையிலிருந்து சளப்பென்று ஒரு சத்தம் வந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை.

"ஐயா?"

அவள் கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கீழே ஹாலில் ஆபீசரின் குரல் தெளிவாகக் கேட்டது. "பரவாயில்லையே, இவ்வளவு அமைதியான இல்லத்தை நான் பார்த்ததே இல்ல."

பெரியக்கா காலை நீட்டி வாக்கரை எட்டி உதைத்தாள். அது படிக்குப் படி இடித்துக்கொண்டு உருண்டு ஆபீசரின் காலடியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"ஐயா தண்ணியில இருக்காரு! யாராவது வாங்க!"

வாயாடிதான் முதலில் தாவி வந்தாள். பெரியக்காவைத் தாண்டி உள்ளே ஓடினாள். இருமல் சத்தம் கேட்டது. தண்ணீர் கக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, மூச்சு இருக்கு!" என்று வாயாடி அழுதுகொண்டே கத்தினாள்.

பின்னாலேயே ஆபீசரோடு ஏறி வந்த மேனேஜர் அம்மா வெளிறிப்போய், "ஒரு சின்ன கவனக்குறைவு சார், எப்பவும் இங்க ரெண்டு பேர்..." என்று ஆரம்பித்தாள்.

ஆபீசர் அவளைப் பார்க்கவில்லை. பெரியக்காவின் பக்கத்தில் குந்தினார். "பயப்படாதீங்கம்மா. ரெண்டு பேரும் பொழச்சுட்டாங்க."

பெரியக்கா நடைக்காரம்மாவை விடாமல், நீண்டு கிடந்த தாழ்வாரத்தையும் இருபுறமும் மூடியிருந்த கதவுகளையும் பார்த்தாள்.

"மத்த ரூமுங்கள காலையிலேர்ந்து யாரும் திறந்து பாக்கல சார்."