தொட்டி நிறைஞ்சாதான் வண்டி

என் வீட்டுக்காரர் குப்பை வண்டி ஓட்டுறார். அவருக்கும் அவங்க அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமியாரை எடுத்த அன்னைக்கு யாரோ என்னமோ சொன்னாங்களாம், அதோட சரி. ஆனாலும் தினம் காலையில வண்டி அண்ணன் வாசலுக்குப் போகும். அவர் பையை நீட்டுவார், இவர் வாங்கிப் போடுவார். வீட்டுக்கு வந்து மட்டும், "இருமல் இன்னும் விடல போல"ன்னு சுவரைப் பாத்துச் சொல்லுவார்.

அப்புறம் வீடு வீடா வாங்குறது நின்னு, தெருவுக்குத் தெரு சென்சார் வச்ச தொட்டி வந்துச்சு. எது நிறைஞ்சிருக்குன்னு தொட்டிங்களே தங்களுக்குள்ள பேசிக்கிட்டு, எந்த வண்டி எங்க போகணும்னு முடிவு பண்ணிடுமாம். டீசல் மிச்சம், புகை கம்மி. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல.

"தொட்டிங்க கூடப் பேசிக்குது, உங்களுக்கு என்ன கேடு?"ன்னு கேட்டேன். முறைச்சார்.

அண்ணன் தெரு சின்னது. தொட்டி லேசுல நிறையாது. வண்டி அந்தப் பக்கமே போகல. திடீர்னு பாத்தா, அந்தத் தொட்டி தினமும் கூப்பிட ஆரம்பிச்சுது. போய்த் திறந்தா, மடிக்காத காலி அட்டைப்பெட்டிங்க. அண்ணன் வாசல்ல நிக்கிறாராம்.

"ஏங்க, அவர் உங்களைத்தான் கூப்பிடுறார். ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எப்பவும் நான்தான் இறங்கிப் போகணுமா?"

வீம்பு! அதோட விட்டாரா மனுஷன்? வெத்து அட்டைக்கு டீசல் வீணாகுதுன்னு ஆபீஸ்ல புகார் வேற. அவங்க எடையையும் பாக்குற மாதிரி மாத்திட்டாங்க. வண்டி அங்க போறது மறுபடி நின்னுபோச்சு.

போன வாரம் காலையில, வண்டி எங்க போகணும்னு காட்டுற இவர் போன்ல அந்தத் தெரு பேர் வந்துச்சு. முகத்தைப் பாக்கணுமே! தலையைச் சீவிக்கிட்டு, "இன்னைக்குப் பேசிடுறேன்டி"ன்னு கிளம்பினார்.

தொட்டியில கிடந்தது அண்ணனோட மெத்தை, துணிமணி. வீடு பூட்டியிருந்தது.

"பெட்டியைப் போட்டுட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பார். புத்தி பேதலிச்சுப்போச்சு, பாவம். மகள் வந்து அவ ஊர்ல முதியோர் இல்லத்துல சேத்துட்டா"ன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்களாம்.

வந்தவர் சோத்தைத் தொடல. திட்ட வாயெடுத்தேன். மூஞ்சியைப் பாத்ததும் எனக்கே அழுகை வந்துடுச்சு. அண்ணன் மகளுக்கு நானே போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு இவர் கையில குடுத்தேன்.

"இங்கயும் அதே கதைதான் சித்தப்பா. எங்கேயாவது காலிப் பெட்டியைப் பொறுக்கிட்டு வந்து கேட் பக்கத்துத் தொட்டியில போட்டுட்டு அங்கேயே நிக்கிறார். கூப்பிட்டா உள்ள வர்றதில்ல. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கார்."

இவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"சித்தப்பா? லைன்ல இருக்கீங்களா?"

நான் வாங்கிப் பேசியிருக்கலாம். வாங்கல. அந்த ஒரு வார்த்தையை அவர்தான் சொல்லணும்.