தரிசு என்று போட்டவர்

செயற்கைக்கோள் பொய் சொல்லாது என்று சாவித்திரி ஆறு வருஷமாக எல்லோரிடமும் அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் பொய் சொல்லவில்லை, பாவம். மேலேயிருந்து பார்த்தது புழுதி, அனுப்பியதும் புழுதி. அதைத் தரிசு என்று எடுத்துக்கொண்டது தஞ்சாவூர் பாசன ஆபீசின் கம்ப்யூட்டர். அதைச் சரிபார்க்க வேண்டியவள் சாவித்திரி.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்பதை அவள் தயாரிக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். பச்சை தெரிந்தால் பயிர், நீலம் தெரிந்தால் நடவுக்குக் கட்டிய தண்ணீர். காவி நிறம் தெரிந்தால் தரிசு, தரிசுக்குத் தண்ணீர் கிடையாது. படம் பற்றிய புகார்களும் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை காலை ஒரு மனுவோடு வந்து நின்றவர் அவளுடைய அப்பா சாமிதுரை. மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கருவேலங்குடிக்காரர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். "பாப்பா, நீ இருக்குற ஆபீஸுன்னு தைரியமா வந்துட்டேன்" என்று சிரித்தார். காப்பி வாங்கி வரச் சொல்லிவிட்டு அவள் மனுவைப் பிரித்தாள்.

நூற்று நாற்பது ஏக்கர் சம்பா, ஒரு மழையில் முளைத்து நிற்கிறது. மதகைத் திறக்கவில்லை, கேட்டால் படத்தில் தரிசு என்கிறார்கள். கண்ணிருந்தும் குருடாகத் தரிசு என்று போட்டவரை வேலையைவிட்டு நீக்க வேண்டும். கீழே பக்கத்து வீட்டுக் காத்தாயியில் தொடங்கி அறுபத்திரண்டு கைநாட்டும் கையெழுத்தும்.

சாவித்திரி மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடைமடையில் ஆவணி மாதம் காய்ந்த புழுதியில்தான் விதைப்பார்கள். தண்ணீர் எப்போது வருமோ என்று நாற்று விட்டுக் காத்திருக்க அவர்களுக்குக் கட்டாது. வானத்திலிருந்து பார்த்தால் விதைத்த புழுதியும் வெறும் புழுதியும் ஒன்றுதான். ஊர் ஊராகப் போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். எல்லா ஊருக்கும் கேட்டாள். தன் ஊரின் படம் வந்தபோது மட்டும் கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே விட்டாள். தன் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். பன்னிரண்டு வயது வரை அந்த வயலில் தன் கையால் விதைத்தவள்! என்ன படித்து என்ன புண்ணியம்?

"அப்பா, தரிசுன்னு போட்டது நான்தான்."

சாமிதுரை முதலில் சிரிக்கப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நீயா?" என்றார். பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அந்த நிலத்துக்காகப் பண்ணையாரை எதிர்த்துக் கொடி பிடித்து, ஆறு மாதம் திருச்சி ஜெயிலில் இருந்தவர் அவர். பட்டா வந்த பிறகு ஒரு போகம்கூட அதைச் சும்மா போட்டதில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய மேலதிகாரி, என்ஜினியர் தியாகேசன் எழுந்து வந்தார். நல்ல மனிதர், அதுவே வினையாகிப் போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஐயா, இந்த மனு பதிவாச்சுன்னா தப்பு எங்க மேலன்னு ஆயிடும். இன்னைக்கே மதகைத் தூக்கச் சொல்லிடலாம். ஆனா உங்க மக மேல நடவடிக்கை வரும், வேலை போனாலும் போயிடும். வேணாம்னா எடுத்துட்டுப் போங்க. மனு இல்லாம நடுவுல முறையை மாத்த எனக்கு அதிகாரமில்ல. அடுத்த முறையில சேத்து விடுறேன், பன்னெண்டு நாள்தான்."

பன்னிரண்டு நாள். விரல் உயரப் பயிர் இந்த வெயிலில் மூன்று நாள் தாங்கினால் பெரிது. அது அப்பாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். வாங்கி வந்த காப்பி ஆறிப்போய் ஏடு படிந்தது. சாமிதுரை மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். அந்தக் கைநாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுங்கப்பா என்று சொல்லிவிட வேண்டும் என்று சாவித்திரி துடித்தாள். மூன்று வருஷக் கடனும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் நினைவுக்கு வந்தன, வாய் திறக்கவில்லை. அதற்காக அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது.

கடைசியில் அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எந்தப் பண்ணையார் முன்னும் அவர் அப்படி நின்றதில்லை. இரண்டு கையாலும் மனுவை நீட்டினார்.

"வாங்கிக்கங்க மேடம்" என்றார். "பயிரு காயுது."

பெற்ற மகளிடம் அவர் மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சாவித்திரி வாங்கிக்கொண்டாள்.