ஜவுபர் மரைக்காரின் இழுப்பு

ஜவுபர் மரைக்காருக்கு இழுப்பு வருத்தம் என்று கல்முனைக்குடியே நம்பியது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் குடியின், அதாவது தாய்வழி வம்சத்தின், சார்பாக உட்காரும் மனிதர். அவரே பரப்பிய செய்தியை யார் நம்பாமல் இருப்பார்? சட்டைப்பையில் ஓர் இன்ஹேலர் எப்போதும் தலைகாட்டும். அதை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

உண்மை வேறு. போன வருடம் மைத்துனர்களின் முன்னால், மனைவி பாத்தும்மாவின் சுறாக்கறியைவிடத் தன் மூத்த சகோதரியான ராத்தாவின் கறி திறம் என்று சொல்லிவிட்டார். அன்று பாத்தும்மா கதவைப் பூட்டினாள். வீடு அவளுடைய சீதனம், பூட்டைத் திறக்கும் ஒரே திறப்பும் அவளுடையதுதான். ராத்தா வீட்டுக்குப் போனால் தெருவே பார்க்கும். ஆகவே பாயைச் சுருட்டிக்கொண்டு வயல் காவல் குடிலான வாடிக்குப் போய்த் தரையில் படுத்தார். கட்டுவிரியனுக்கு மரைக்கார், மற்றவர் என்ற பேதம் தெரியாது.

தூரத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள், தொண்டைக்குள் இறக்கிய குழாய் வழியாக மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. ஊருக்குச் சொன்னது, "நாப்பது நாள் ஜமாஅத்தில போயிருக்கார்." மார்க்கப் பிரசாரத்துக்குப் போனவரை யார் குறுக்கு விசாரணை செய்வார்?

உயிர் திரும்பியது, இரண்டு மாதத்தில் மூச்சோடு விசிலும் வந்தது. குழாய் அழுத்திய இடம் புண்ணாகி, தழும்பாக இறுகி, மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டதாம். இரண்டு முறை பலூன் விட்டு விரித்தார்கள். இரண்டு முறையும் சில மாதங்களில் பழையபடி சுருங்கியது.

"சுருங்கின துண்ட வெட்டி எடுத்துட்டுப் பொருத்தினா, பெரும்பாலும் திரும்ப வராது," என்றார் டொக்டர்.

"கழுத்தில தழும்பு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வேணாம்."

தழும்பைக் கண்டால் ஊர் கதை கேட்கும். இழுப்பென்றால் அனுதாபத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

மகள் அம்ஹாவைக் கேட்டுச் சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை றிம்சானின் உம்மா றுக்ஸானா வந்தபோதுதான் கணக்குப் பிழைத்தது. மரைக்கார் தன் குடியின் பெருமையை எடுத்துச் சொன்னார். வசனத்துக்கு ஒரு விசில்.

"இழுப்புப் பரம்பரையா வாறதாமே, மரைக்கார்? மகளுக்கும் இரிக்கோ?"

அம்ஹாவின் முகம் செத்துப்போனது. ஒரு வார்த்தை சொன்னால் மகள் தப்புவாள், மானம் தப்பாது. மரைக்கார் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

பாத்தும்மா தேத்தண்ணித் தட்டை வைத்தாள். "இழுப்புமில்ல, ஒண்டுமில்ல மச்சி. நான்தான் கதவப் பூட்டின. இவர் வாடியில படுத்த, பாம்பு கடிச்ச. ஆஸ்பத்திரியில விட்ட குழாய்தான் தொண்டையச் சுருக்கின."

"அப்ப ஜமாஅத்து?"

"இவரும் மெஷினும் சேந்து போன ஜமாஅத்து."

றுக்ஸானா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பரம்பர வருத்தமில்லாட்டி எங்களுக்குச் சம்மதம். ஒண்டு மட்டும். சீதன வீட்டுக்குத் திறப்பு ரெண்டு வேணும். ஒண்டு என்ட மகன்ட கையில."

மறைக்க ஒன்றும் மிஞ்சாததால் அடுத்த மாதமே மரைக்கார் டொக்டரின் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தார். தழும்பு நின்றது; விசில் போனது. நிக்காஹ் நாளில் பெண்ணின் பொறுப்பாளரான ‘வலி’யாக இருந்து அவர் மகளை ஒப்புக்கொடுத்த சொற்கள் பள்ளிவாசலின் கடைசி வரிசைவரை கேட்டன.

வீடு திரும்பியதும் மெல்லக் கேட்டார். "பாத்தும்மா, எனக்கும் ஒரு திறப்பு வெட்டினா என்ன?"

"முதல்ல ஒங்கட ராத்தாட கறி எப்பிடியெண்டு சொல்லுங்க."

மரைக்கார் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். தடையே இல்லாமல் உள்ளே போனது.

"உப்புக் கூடின கறிதான்," என்றார்.