சீட்டுக்கு அடியில் ஒரு பொத்தான்

மச்சானுக்குக் கொடுத்த பொருள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஏணி போனது, வரவே இல்லை. துளை போடும் மிஷின் போனது, அதன் பெட்டி மட்டும் வந்தது. என்ன செய்ய? மனைவியின் அண்ணன். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தார்.

தப்பிப் பிழைத்தது அவருடைய அந்தக் காலத்துக் கார் ஒன்றுதான். புண்ணியம் அதன் டைனமோவுக்கு. வண்டி ஓடும்போது ஏதோ கொஞ்சம் கரன்ட் தரும். சிக்னலில் நின்றால் அதுவும் கிடையாது. விளக்கும் வைப்பரும் பாட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். ஒரே ஒரு தடவை இரவல் வாங்கிய மச்சான், கடைத்தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து, "இந்தச் சனியனே வேணாம், மாப்பிள்ளை" என்று பெரிய கும்பிடு போட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளையை ஆசை விட்டால்தானே? தெருவே கரன்ட் அக்கா என்று கூப்பிடும் எலெக்ட்ரீஷியன் வந்து டைனமோவைக் கழற்றி, வண்டி நின்றாலும் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டர் மாட்டினார். தொட்டால் உதிரும் பழைய ஒயரையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, கனமான புது ஒயர் இழுத்தார். சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமல். நின்ற இடத்திலேயே விளக்கு கண்ணைப் பறித்தது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; அன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

"அப்படியா! வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன். ரெண்டே நாள்!"

முடியாது என்று சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. "எங்கண்ணன் கேட்டா குடுக்க மாட்டீங்களா?" என்று மனைவி வேறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மனுஷன் ஓடினார் கரன்ட் அக்காவிடம்.

"சீட்டுக்கு அடியில ரகசியமா ஒரு பொத்தான் வெச்சுக் குடுங்க. அழுத்தினா வண்டி செத்தாப்பல கெடக்கணும்."

"திருட்டு பயமா?"

"திருடன்னா போலீஸ்ல சொல்லலாம். இது மச்சான்!"

அக்கா சிரித்துக்கொண்டே வைத்துக் கொடுத்தார். ஒருமுறை அழுத்தினால் கரன்ட் நிற்கும். மறுபடி அழுத்தினால் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் மச்சான் பையும் கையுமாக வந்து காப்பியோடு உட்கார்ந்தார். வாசலில் ஏதோ வேலையாக இருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கண்ணாடி துடைக்கிறேன் பேர்வழி என்று மாப்பிள்ளை வெளியே நழுவினார். குனிந்தார். அழுத்தினார். திரும்பி வரும்போதே முகத்தில் சோகம் தயார்.

"பழைய வண்டி, மச்சான். எப்ப கால வாருமோ தெரியாது."

மச்சான் சாவியைத் திருப்பினார். கார் சிங்கம் மாதிரி உறுமியது. "பிரமாதம், மாப்பிள்ளை!" என்று ஹாரனை ஒரு அடி அடித்துவிட்டுக் கிளம்பினார்.

"அழுத்தினேனே!" மாப்பிள்ளை வாய்விட்டே அலறிவிட்டார்.

மனைவிக்கு முகம் வெளுத்தது. "ஐயையோ, நீங்களுமா?"

"நீ எதுக்கு அழுத்தினே?"

"திருடன் வந்தா அழுத்தணும்னு கரன்ட் அக்கா சொன்னாங்க. அண்ணன் வந்தாரு, அழுத்தினேன்."

பின்விளக்குகள் தெருமுனைவரை மங்காமல் எரிந்துகொண்டே போயின. மாப்பிள்ளை மனைவியைத் தேற்றப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம கொண்டாந்து விட்டுருவாரு."

"ஏணி போனப்பவும் இதையேதான் சொன்னீங்க."