வெனிஸில் காற்று நின்ற ஐம்பத்தெட்டு நாள்

1745 டிசம்பர் இருபத்தாறாம் தேதி, சான் லியோனே தியேட்டரில் கார்னிவல் பருவத்தின் முதல் ஓபரா முடிந்து திரை இறங்கியபோது, வெனிஸில் காற்று நின்றது. குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றது. வீட்டுக்கு வீடு புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை நேராக மேலே போய் அங்கேயே தங்கிவிட்டது. துணி காயவில்லை. மலமோக்கோ துறையில் பாய் விரித்துக் கிளம்பத் தயாராக இருந்த நாற்பத்தொரு கப்பல்களும் நின்ற இடத்திலேயே நின்றன. அன்றைக்கு மார்க்கெட்டில் மத்தி மீன் மலிவு, வெங்காயம் விலை கூடுதல்.

ஓபராவின் கதை இபிஜெனியாவினுடையது. கிரேக்கப் படை போருக்குக் கிளம்பி நிற்கிறது, கப்பல் நகரக் காற்றில்லை. ராஜா அகமெம்னான் தன் மகள் இபிஜெனியாவை டயானா தேவிக்குப் பலி கொடுத்தால்தான் காற்று வரும் என்கிறார் பூசாரி. ராஜாவும் சம்மதிக்கிறார். கத்தி இறங்குகிற நேரத்தில் தேவியே மேகத்தில் இறங்கி வந்து, பெண்ணைத் தூக்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு மானை விட்டுவிட்டுப் போவாள். எங்கள் ஊரில் அழுகையோடு முடிகிற ஓபராவுக்கு எவனும் டிக்கெட் வாங்க மாட்டான், தேவி வந்தே தீர வேண்டும். அந்த வருடம் வரவில்லை. அவள் வருகிற காட்சியை அன்சோலோ பெல்லாட்டோ வெட்டி எறிந்திருந்தார்.

அன்சோலோதான் அகமெம்னான். நல்ல டெனர் குரல், கணீரென்ற ஆண் குரல், அந்தத் தியேட்டரில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற எனக்கு அதில் குறை சொல்ல வாய் வராது. ஆனால் எங்கள் ஓபராவில் டெனருக்கு ராஜாவும் தகப்பனும்தான் வாய்க்கும். காதலன் வேடமும் பெரிய சம்பளமும் பெண்ணைப் போலப் பாடுகிற உச்சக் குரல் ஆண்களுக்கு. அவர் மனைவி காத்தே மூன்றாம் பாடகி. மூன்றாம் பாடகி பாட வரும்போதுதான் ஐஸ் விற்கிறவர்கள் உள்ளே நுழைவார்கள். ஸ்பூன் சத்தத்தில் அவள் குரல் ஒருவர் காதிலும் விழாது. பதினெட்டு வருடம் காத்தே அப்படித்தான் பாடினாள், அதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அன்சோலோவுக்கு வயிறு எரிந்தது. மகள் ஓர்சோலாவுக்குப் பத்தொன்பது வயதிலேயே இபிஜெனியாவாக முதல் நாயகி வேடம் கிடைத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாயகியின் கடைசிப் பாட்டுக்குப் பின்னால் வேறு யாரும் பாடக்கூடாது என்பது எங்கள் தியேட்டர்களில் ஒப்பந்தத்தில் எழுதுகிற விதி. தேவியின் பாட்டோ அதற்குப் பின்னால் வருகிறது. தேவியாகப் பாட இருந்தவள் காத்தே. அந்த விதியைக் காட்டி அன்சோலோ அவள் பாட்டுத் தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

“என் பாட்டைத் தூக்கிட்டீங்க, போகட்டும், அதை எவன் கேட்டான்?” என்றாள் காத்தே. “ஆனா நான் இறங்கி வரலைன்னா நம்ம பொண்ணை யாருங்க காப்பாத்துவா?”

“அட, கத்தி இறங்குறதுக்குள்ள திரையை விட்டுருவாங்கடி. ஜனங்களுக்குக் கதை தெரியாதா?”

ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. காற்றுக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது. முதல் இரண்டு வாரம் தியேட்டர் முதலாளிக்குக் கொண்டாட்டம். ஊரை விட்டுப் போக முடியாத கப்பல்காரர்கள் எல்லாரும் தினமும் வந்து முன்வரிசை பெஞ்சுகளை நிரப்பினார்கள். மூன்றாவது வாரம் கோதுமைக் கப்பல் வராமல் ரொட்டி சுருங்கியது, கால்வாய்கள் நாறின, குழந்தைகள் இருமத் தொடங்கின. அப்போதுதான் ஊர் ஓர்சோலாவைப் பார்க்க ஆரம்பித்தது.

கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் படகு போனால் மற்ற படகோட்டிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். மீன்காரி அவளிடம் காசு வாங்க மறுத்தாள். “உங்கிட்டப் போயி வாங்குவேனா தாயி, நல்லா சாப்பிடு, நல்லா சாப்பிடு” என்று கன்னத்தைத் தடவினாள். முன்பின் தெரியாத கப்பல்காரர்கள் வெள்ளைப் பூவும் வெள்ளைத் துணியும் அனுப்பினார்கள். பலிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு ஊரே புல் போடுவதைப் போல இருந்தது. எனக்கே அவளை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் என் வீட்டிலும் இருமல் இருந்தது.

பூசாரி வேடக்காரர் ஸேனோவின் கத்தி மரத்தால் ஆனது, மேலே தங்கப் பூச்சு. ஜனவரி கடைசியில் அது அவர் கைக்குட்டையை அறுத்தது. பிப்ரவரியில் மேடைக் கயிற்றை அறுத்தது. ஸேனோ பயந்து அதைக் கால்வாயில் வீசினார். மறுநாள் அதன் பெட்டியில் ஈரத்தோடு இருந்தது. ஒவ்வொரு நாளும் திரை இறங்குவதற்குள் அவர் கை ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியது. “நான் வேணும்னு செய்யலைங்க” என்று எல்லாரிடமும் அழுதார். பாவம், பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காத ஆள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் ஓர்சோலா கழுத்துத் துணியை அவிழ்த்தாள். தொண்டைக்குக் குறுக்கே நூல் அளவு சிவப்புக் கோடு.

“வேஷச் சாயம் அது. நல்லா துடை” என்றார் அன்சோலோ.

“சாயம்னா துடைச்சாப் போயிடுமேப்பா. நாலு நாளாத் துடைக்கிறேன். அம்மா வர்ற சீனை வச்சிருங்கப்பா. எனக்கு நெஜமாவே பயமா இருக்கு.”

“இன்னும் ஒம்பது ஆட்டம்தான், கண்ணு. உனக்கப்புறம் மூணாம் பாடகி ஒருத்தி பாடினான்னு வெளியில தெரிஞ்சா, மிலான்ல உன்னை எவன் மதிப்பான்? காலம் பூரா ஐஸுக்கு நடுவுல பாடப் போறியா, உங்கம்மா மாதிரி?”

காத்தே சோளக்கூழ்ச் சட்டியை மேஜை மேல் நங்கென்று வைத்தாள். “பேரு பெருசா, பொண்ணோட கழுத்து பெருசா? வாயைத் தொறந்து சொல்லுய்யா!”

அன்சோலோ கூழை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். மகள் மேல் பாசம் இல்லாமல் அல்ல. அந்த மனிதர் அவளுக்காக உயிரையே விடுவார், ஆனால் பாட்டு வரிசையை விடமாட்டார்.

கடைசி ஆட்டம், தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. முதலாளி ஸேனோவின் தோளில் தட்டி, “இன்னைக்குக் கை நடுங்காமப் பாத்துக்குங்க. திரை கொஞ்சம் மெதுவாத்தான் இறங்கும், சரியா?” என்றார். ஸேனோ அங்கேயே வாந்தி எடுத்தார். ஓர்சோலாவின் கடைசிப் பாட்டு வந்தபோது கப்பல்காரர்கள் எழுந்து நின்றார்கள். தேவாலயத்தில் நிற்கிற மாதிரி, தொப்பி இல்லாமல்.

எங்கள் பாட்டுகள் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மறுபடியும் முதல் பகுதி என்று போகும். மூன்றாவதில் பாடுகிறவர் தன் இஷ்டத்துக்குச் சங்கதி போடலாம், அது முடியும்வரை மேடையில் யாரும் அசையக் கூடாது, கத்தி உட்பட. ஓர்சோலா முதல் பகுதிக்குத் திரும்பினாள். முடிக்காமல் மறுபடியும் திரும்பினாள். பிறகு மறுபடியும். வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கூட வாசித்தார்கள். இரண்டரை மணி நேரம் போயிற்று, மெழுகுவர்த்தி இரண்டு தடவை மாற்றினோம். பாட்டின் முதல் சொல் ‘தகப்பனே’. அதை அவள் எத்தனை விதமாகப் பாடினாள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. கெஞ்சினாள், கொஞ்சினாள், சண்டை போட்டாள். அன்சோலோ விதிப்படி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். கையை உயர்த்தி ‘நிறுத்துங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு நான் கேட்டேன். “கேட்டுட்டிருந்தேன்யா. அப்படி ஒரு சங்கதியை என் பிறவியில கேட்டதில்ல” என்றார்.

குரல் நூலாகி, நூல் அறுந்தது. ஸேனோவின் கை மேலே போயிற்று. அப்போது மேகம் இறங்கியது.

தேவி இறங்குவதற்காகச் செய்த மர மேகம் அது, அதன் கயிறுகளை இரண்டு மாதத்துக்கு முன்பே கழற்றியிருந்தார்கள். “நாங்க எதையும் இழுக்கலைங்க” என்று மேடை ஆட்கள் சத்தியம் செய்தார்கள், நானும் நம்புகிறேன். மேகத்தில் காத்தே உட்கார்ந்திருந்தாள், வீட்டு உடுப்பில், தலையில் துணி கட்டிக்கொண்டு. கிழித்துப் போட்ட பாட்டை முழுதாகப் பாடினாள். ஐஸ் கூடைக்காரர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் மகளைப் பார்த்து, “ஏறுடி, போலாம்” என்றாள். ஓர்சோலா ஏறினாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. மேகம் மேலே போய், கூரையைக் கடந்து போயிற்று. கூரையில் ஓட்டை ஒன்றும் இல்லை, மறுநாள் நானே ஏணி போட்டுப் பார்த்தேன்.

பலிபீடத்தில் ஒரு பெண்மான் நின்றது. கதைப்படி அதை வெட்ட வேண்டும், ஸேனோவின் கையும் கதைப்படியே இறங்கியது. அன்சோலோ பாய்ந்து கத்தியை வெறுங்கையால் பிடித்தார். இரண்டு விரல் போயிற்று, மானுக்கு ஒரு கீறல் இல்லை. அதற்குள் எல்லாக் கதவும் படாரென்று திறந்து எல்லாச் சுடரும் அணைந்தது. விடிவதற்குள் நாற்பத்தொரு கப்பலும் போய்விட்டன. வழியனுப்ப யாரும் போகவில்லை.

மானை அன்சோலோ வீட்டுக்குக் கூட்டிப் போனார். அது ஓர்சோலா இல்லை, அவளுக்குப் பதிலாக வந்தது என்று பங்குப் பாதிரியார் விளக்கினார். படகோட்டிகள் அதையும் ஓர் ஆளாகவே ஏற்றிக்கொள்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் கழுத்தைத் தடவிக் கீரை ஊட்டுகிறார்கள், யாரிடமும் அது மிரளாது. அன்சோலோ குரல் கேட்டால் மட்டும் சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டு நடுங்கும். முதல் வாரம் அவர் கெஞ்சிப் பார்த்தார், மகள் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், அதற்கு நடுக்கம்தான் கூடியது. அதனால் வீட்டுக்குள் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். பதினோரு வருடம் ஆகிறது. ரொம்பப் பேச வேண்டும்போல் இருந்தால் படகு ஏறி மார்க்கெட்டுக்குப் போய், மீன்காரியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, கீரை வாங்கிக்கொண்டு வருகிறார்.