பதினோரு தப்படி

ஆரின் டட்டில் இரண்டு கம்பிகளையும் முன்னால் நீட்டிப் பிடித்தபடி, கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சரிவில் மெல்ல நடந்தார். கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தி வளைத்தவை. கீழே எப்போதோ தோண்டிய மண் இருந்தால் இரண்டும் தாமாகவே குறுக்கே சாயும். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூருக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் குழிவெட்டி. கம்பி பிடித்துப் பார்க்காமல் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

பீட் கிழங்கு வயலில் கூலி வேலை செய்யும் யூசேபியோ, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"வேலி மூலையிலேர்ந்து பதினோரு தப்படி, அண்ணே. அப்பாதான் குழி வெட்டினாரு, எண்ணியும் வச்சாரு. தங்கச்சி எர்லிண்டாவுக்கு அப்ப ஏழு வயசு. குளிர்காலம், கக்குவான் இருமல்."

"வேலியை ரெண்டு தடவை மாத்திட்டாங்கப்பா. எந்த மூலைன்னு பாக்குறது?"

சனிக்கிழமை ஊரின் நூற்றாண்டு விழா. கார்கள் நிறுத்த இந்தச் சரிவில் சரளை கொட்டப்போகிறார்கள். ஊர் வரைபடத்தில் இது வெறும் புல்வெளி. இன்று பன்னிரண்டு மணிக்குள் தங்கச்சியின் குழியைக் காட்டினால் எலும்பை எடுத்துக்கொள்ளலாம் என்று விழாத் தலைவர் ஸ்டாட்லர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது தப்படியில் கம்பிகள் சாய்ந்தன.

"இங்கயா?"

"இரு."

ஐந்தாவதில் சாய்ந்தன. ஏழில், ஒன்பதில். அடுத்த வரிசையிலும் அப்படியே.

"இது சின்னது. இதுவும் சின்னது... அந்தக் குளிர்காலத்துல எத்தனை பேருப்பா?"

"எங்க குடிசைங்கள்ல மூணு குழந்தைங்க. மத்த பண்ணையில தெரியாது."

காற்று இல்லை. புல் அசையவில்லை. நாற்பது குழி எண்ணியபோது கம்பிகள் விலகவே மறுத்தன. ஆரின் திரும்பி நடந்தார். அப்போதும் குறுக்கேதான் கிடந்தன.

"போதும், கீழ வைங்க அண்ணே."

"வைக்கத்தான் பாக்குறேன். விரல் பிரிய மாட்டேங்குது."

யூசேபியோ ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். மேட்டில் லாரி வந்து நின்றது. ஸ்டாட்லர் இறங்கினார். விழாவுக்காக வளர்த்த தாடி அவர் மார்பைத் தொட்டது.

"என்ன ஆரின், மழமழன்னு நிக்கிறே? விழா முடியுறவரைக்கும் ஆம்பளைங்க எல்லாரும் தாடி வைக்கணும்னு தெரியாதா? சனிக்கிழமை உன்னைக் கூண்டுல போட்டு ஊர்வலம் விடப்போறேன்."

"நான் தாடி வச்சா, ஆடுன்னு நெனச்சு வீட்டுக்காரி கொட்டகையில கட்டிடுவா, சார்."

லாரி ஓட்டுநர் சிரித்தான். ஸ்டாட்லரும் சிரித்துவிட்டுக் கேட்டார்: "சரி, எந்தக் குழி?"

"நாப்பதுக்கு மேல இருக்கு, சார்," என்றான் யூசேபியோ.

"நான் ஒண்ணுதானே கேட்டேன்."

"என் தங்கச்சியோடது எதுன்னு தெரியலை. ரெண்டு நாள் குடுங்க. எல்லாத்தையும் நானே தோண்டிப் பாக்குறேன்."

"தெரியலைன்னா என்ன பண்றது? மணி பன்னிரண்டாச்சு." ஸ்டாட்லர் கையசைத்தார்.

சரளை இறங்கியது. ரோலர் ஏறி இறங்கிச் சரிவைத் தட்டையாக்கியது. யூசேபியோ நகராமல் நின்றதால் அவனைச் சுற்றிப் போனது.

ரோலர் நின்ற பிறகு, சரளை ஓரிடத்தில் மெதுவாக உள்வாங்கியது. ஒரு குழந்தை படுக்கும் நீளம். பக்கத்தில் இன்னொன்று. பிறகு அந்த வரிசை முழுவதும், ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல்.

ஸ்டாட்லர் தாடியைச் சொறிந்துகொண்டே பார்த்தார்.

"இன்னும் ரெண்டு லோடு கொட்டு," என்றார்.